பொறுப்பாளர்: எ. தெரியாது

"பொறுப்பாளர் யார்?" என்ற கட்டத்தில் எதையாவது எழுதினால்தான் மேலே போக விடுவேன் என்று கம்ப்யூட்டர் அடம்பிடித்தது.

லேபிள்காரர் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். சாயங்காலத்துக்குள் அறிக்கை டைரக்டருக்குப் போயாக வேண்டும். காலியாக விட்டால் சிவப்பு விளக்கு. கோடு போட்டால் சிவப்பு. முற்றுப்புள்ளி வைத்தாலும் சிவப்பு. இப்படி ஈவிரக்கமில்லாத ஒரு சரிபார்ப்பு நிரலை எந்தப் புண்ணியவான் எழுதினான் என்று திட்டவும் வழியில்லை. எழுதியவர் அவரேதான்.

அந்த ஆராய்ச்சி நிலையத்தில் நட்சத்திரம், புரதம், மழை, மேகம் என்று ஆளுக்கொன்றைப் பிடித்துக்கொண்டு விஞ்ஞானிகள் இருந்தார்கள். ஒவ்வொருவரும் தங்கள் மென்பொருளையும், அது ஓடுவதற்கு வேண்டிய சில்லறைச் சாமான்களையும் சேர்த்துக் கட்டி மூட்டையாகச் சர்வரில் போட்டுவைப்பார்கள். கன்டெய்னர் என்று பெயர். எந்தக் கம்ப்யூட்டரில் அவிழ்த்தாலும் அப்படியே ஓடும். ஆனால் மூட்டைக்குள் என்ன இருக்கிறது, எந்தப் பதிப்பு, யாரைக் கேட்பது என்பதெல்லாம் மேலே ஒட்டியிருக்கும் லேபிளைப் பார்த்தால்தான் தெரியும்.

லேபிளைப் பார்த்தால் தலை சுற்றும். ஒருவர் 'ஆசிரியர்' என்று போட்டிருப்பார், இன்னொருவர் 'செய்தவர்' என்பார், மூன்றாமவர் 'யார்' என்று போட்டு அதற்கு நேரே 'நான்' என்று எழுதியிருப்பார். பதிப்பு எண் கேட்ட இடத்தில் 'கடைசி', 'கடைசிக்கும் கடைசி', 'சத்தியமா இதான் கடைசி'. இத்தனையையும் ஒரே மாதிரி ஆக்குவதுதான் லேபிள்காரரின் வேலை. அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிட அங்கே யாருக்கும் தோன்றியதில்லை.

வேலையும் ஒப்பந்த வேலைதான். பெண் பார்க்கப் போனபோது, "இன்னும் ஒரு மாசத்துல நிரந்தரம் ஆயிடும் மாமா" என்று வாய் கூசாமல் சொல்லித்தான் கல்யாணம் செய்துகொண்டார். இப்போது அவர் மகள் பள்ளிக்கூடத்தில் பெருக்கல் வாய்ப்பாடு ஒப்பிக்கிறாள். மாமனார் மட்டும் வாரம் தவறாமல் போன் செய்து, "ஆயிடுச்சா மாப்பிள்ளை?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.

இந்த வருஷம்தான் ஒரு நிரந்தரப் பணியிடம் வந்திருந்தது. ஒன்றே ஒன்று. லேபிள் வேலையை ஒழுங்காக முடித்துக் கொடுத்தால் அது தனக்குத்தான் என்று லேபிள்காரர் நம்பினார். நம்பாமல் வேறு என்ன செய்வார்?

அவர் நட்சத்திரக்காரருக்குப் போன் போட்டார்.

"சார், சர்வர்ல ஒரு பழைய மூட்டை இருக்கு. யாருதுன்னு..."

"தெரியாது."

"இன்னும் நான் எந்த மூட்டைன்னே சொல்லலையே சார்?"

"எதுவா இருந்தாலும் தெரியாது. என் பேரைப் போட்டுடாதீங்க. நாளைக்கு அது ஓடலைன்னா என்னைத்தான் பிடிப்பாங்க."

புரத அம்மாவைக் கேட்டார். "எனக்குத் தெரியாதுங்க." மேகக்காரரைக் கேட்டார். "தெரியவே தெரியாது." இப்படி அனாதையாகக் கிடந்த மூட்டைகள் சர்வரில் மூன்றில் ஒரு பங்கு.

மணி நாலரை. எல்லோரும் ஒரே பதிலைத்தானே சொல்கிறார்கள், அதையே எழுதினால் என்ன? 'தெரியாது' என்று அடித்தார்.

சிவப்பு. "இனிஷியல் இல்லை" என்றது நிரல். அதுவும் அவர் வைத்த விதிதான்.

எல்லோரும் சொன்னது 'எனக்குத் தெரியாது'. ஆகவே, எ. தெரியாது. நியாயமான இனிஷியல்.

சிவப்பு. "மெயில் முகவரி இல்லை."

லேபிள்காரர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, 'எ. தெரியாது' பேரில் ஒரு மெயில் முகவரி திறந்து, அதற்கு வருகிற மெயிலெல்லாம் தன் பெட்டிக்கே வருகிற மாதிரி செய்தார். நாளைக்குச் சாவகாசமாக உண்மையான ஆளைக் கண்டுபிடித்து மாற்றிக்கொள்ளலாம் என்று எண்ணம்.

பச்சை விளக்கு எரிந்தது. அனாதை மூட்டைகள் எல்லாவற்றுக்கும் அதையே ஒட்டி, அறிக்கையை அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கினார். கடைசியாக அவர் நிம்மதியாகத் தூங்கியது அன்றுதான்.

மறுநாள் காலை டைரக்டரின் சுற்றறிக்கை எல்லோருடைய மெயிலுக்கும் வந்தது.

அறிக்கை தயாரிக்கும் எந்திரம் தமிழ்ப் பெயர்களை ஆங்கில எழுத்தில் மாற்றும். சுற்றறிக்கை தயாரிக்கும் எந்திரம் ஆங்கில எழுத்தைத் திரும்பத் தமிழில் மாற்றும். இரண்டு எந்திரத்துக்கும் தமிழ் தெரியாது. இப்படிப் போய்த் திரும்பிய களைப்பில் நம் எ. தெரியாது, 'திரு. ஈ. தேரியத்து' என்று வந்து நின்றார்.

"நம் நிலையத்தின் மென்பொருள் மூட்டைகளில் மூன்றில் ஒரு பங்குக்குத் தன்னந்தனியாகப் பொறுப்பேற்றிருக்கும் திரு. ஈ. தேரியத்து அவர்களை மனமாரப் பாராட்டுகிறேன். பொறுப்பைத் தட்டிக்கழிப்பவர்களுக்கு இவர் ஒரு பாடம். இயக்குநர்."

லேபிள்காரர் அதை மூன்று முறை படித்தார். பக்கத்து மேசைக்காரர் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தார்.

"யாருங்க இந்த தேரியத்து?"

"தெரியாது."

"அவரேதான். யாரு?"

"அதான் சொல்றேனே, தெரியாது!"

"சரி சரி, கோவப்படாதீங்க. பேரைப் பார்த்தா பெரிய இடத்துப் பிள்ளை மாதிரி இருக்கு."

அப்போதே டைரக்டரிடம் போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் மூன்றில் ஒரு பங்கு மூட்டைக்கு ஆளில்லை, அறிக்கை பொய் என்று ஆகும். பொய் அறிக்கை கொடுத்தவனுக்கு எந்த ஊரில் நிரந்தர வேலை கொடுப்பார்கள்? இரண்டு நாளில் சத்தமில்லாமல் சரிசெய்துவிடலாம் என்று தள்ளிப்போட்டார்.

இரண்டு நாளுக்குள் தேரியத்துவுக்கு மெயில் வரத் தொடங்கிவிட்டது. பொறுப்பேற்க ஓர் ஆள் கிடைத்தால் சும்மா விடுவார்களா? 'என் மூட்டை அவிழவில்லை', 'போன வருஷ மூட்டையைக் காணோம்', 'இதற்கு எந்த உரிமம் போடுவது?' பதில் எழுதாவிட்டால் குட்டு உடைந்துவிடுமே என்று லேபிள்காரரே தேரியத்துவாக உட்கார்ந்து பதில் எழுதினார். தன் பெயரில் எழுதினால் 'மன்னிக்கவும்' என்று தொடங்கி 'தவறாக நினைக்க வேண்டாம்' என்று முடிப்பது அவர் வழக்கம். தேரியத்துவுக்கு அந்தத் தயக்கமெல்லாம் கிடையாது. 'இரண்டாவது வரியை எடுங்கள். ஓடும்.' எடுத்தார்கள், ஓடியது.

நட்சத்திரக்காரர் நடைவழியில் அவரைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்களும்தான் இத்தனை வருஷமா இருக்கீங்க. போன மாசம் இதே சந்தேகத்தை உங்ககிட்ட கேட்டேன், மூணு பக்கத்துக்குப் பதில் போட்டீங்க. தேரியத்து ஒரே வரியில முடிச்சிட்டார். மனுஷன்னா அவர் மனுஷன்!"

வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது லேபிள்காரருக்குச் சோறு இறங்கவில்லை.

"ஆபீஸ்ல புதுசா ஒருத்தர் வந்திருக்கார்" என்றார் பொதுவாக. "தேரியத்துன்னு."

"நல்லா வேலை செய்வாரா?" என்றாள் மனைவி.

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க."

"பாருங்க, நேத்து வந்தவர் பேர் வாங்கிட்டார். நீங்க இன்னும் எல்லாருக்கும் மன்னிப்புக் கேட்டுக்கிட்டே இருங்க. அந்த நிரந்தர வேலை அவருக்குப் போயிடாம பார்த்துக்கங்க."

அவளுக்கு வாய் முகூர்த்தம் என்று ஒன்று உண்டு. மறுநாள் தேரியத்துவின் முகவரிக்கு டைரக்டரிடமிருந்து மெயில் வந்தது. "நிரந்தரப் பணியிடத்துக்குத் தங்களைத் தேர்வு செய்ய விரும்புகிறேன். தயவுசெய்து திங்கட்கிழமை நேரில் வந்து பொறுப்பேற்கவும்."

லேபிள்காரர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருஷம் காத்திருந்த வேலை, தானே பெற்றெடுத்த ஓர் ஆளிடம் போகிறது. அந்த ஆளுக்கு வயிறும் இல்லை, மாமனாரும் இல்லை. அழுகைதான் வந்தது.

தேரியத்துவின் பெயரைக் கெடுத்துவிடலாம் என்று முடிவு செய்தார். அன்று நட்சத்திரக்காரர் கேட்ட கேள்விக்கு, 'இதுகூடத் தெரியாதா? நீங்களே யோசியுங்கள்' என்று திமிராக ஒரு பதில் போட்டார். நட்சத்திரக்காரர் ரோஷத்தோடு யோசித்தார். விடை கிடைத்துவிட்டது. "முப்பது வருஷமா யாரும் என்னை யோசிக்கச் சொன்னதில்லை" என்று டைரக்டருக்கு நெகிழ்ந்து ஒரு மெயில் எழுதி, எல்லோருக்கும் நகல் அனுப்பினார்.

சரி, ஆளையே அனுப்பிவிடலாம். 'சொந்தக் காரணங்களால் பணியிலிருந்து விலகுகிறேன். ஈ. தேரியத்து' என்று ராஜினாமா எழுதி அனுப்பினார். கால் மணி நேரத்தில் பதில் வந்தது.

"தயவுசெய்து அப்படிச் செய்துவிடாதீர்கள். தங்களுக்குத் தனி அறை ஏற்பாடு செய்யச் சொல்லியிருக்கிறேன். ஜன்னல் பக்கமாக. நீங்களும் போய்விட்டால் இங்கே பொறுப்பேற்க யார் இருக்கிறார்கள்? இயக்குநர்."

ஒப்பந்தம் புதுப்பிக்க லேபிள்காரர் எழுதிய மெயிலுக்கு இன்னும் பதில் வந்தபாடில்லை. தேரியத்துவுக்கோ ஜன்னல் வைத்த அறை. அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கோபத்தில் மனுஷனுக்குப் புத்தி வேலை செய்யாது. ஆளை அனுப்ப முடியாவிட்டால் லேபிளிலிருந்தே கிழித்துவிடலாம் என்று, 'எ. தெரியாது' இருந்த இடத்திலெல்லாம் தன் சொந்தப் பெயரைப் போட்டு ஒரே அழுத்தாக அழுத்தினார். எல்லா மூட்டைக்கும் இனி நானே பொறுப்பு, போதுமா? அழுத்திய பிறகு நெஞ்சு லேசானது. முதல் முறையாகத் தன் பெயரை ஒரு லேபிளில் பார்த்ததில் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

பொறுப்பாளர் மாறினால் அந்தச் சுற்றறிக்கை எந்திரம் வழியாக எல்லோருக்கும் தானாகவே தகவல் போக வேண்டும் என்பதும் அவர் வைத்த விதிதான். மறந்துவிட்டார்.

"பொறுப்பாளர் மாற்றம்: ஈ. தேரியத்து நீக்கப்பட்டார்." அதன் கீழே லேபிள்காரரின் பெயர். மூட்டைக்கு ஒன்றாக இந்தத் தகவல் ஒவ்வொருவர் பெட்டியிலும் வந்து விழுந்தது.

அலுவலகமே எழுந்து வந்துவிட்டது.

"வெக்கமா இல்லையா உங்களுக்கு?" என்றார் புரத அம்மா. "அந்த மனுஷர் ஓடி ஓடி உழைச்சார். ராத்திரியோட ராத்திரியா அவர் பேரை அழிச்சிட்டு உங்க பேரைப் போட்டுக்கிட்டீங்களே!"

"பட்டப்பகல்லதாங்க போட்டேன்..."

"அதுல வேற பெருமையா?"

"நான் அன்னிக்கே நினைச்சேன்" என்றார் பக்கத்து மேசைக்காரர். "தேரியத்து யாருன்னு கேட்டதுக்கு என்கிட்ட சீறி விழுந்தார். அப்பவே வயித்தெரிச்சல்."

மேகக்காரர் மட்டும் லேபிள்காரரை மேலும் கீழுமாக ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார். திட்டியிருந்தால்கூடத் தேவலாம்.

டைரக்டரின் மெயில் வர அதிக நேரம் ஆகவில்லை. "பிறர் உழைப்பை அபகரித்தது குறித்துத் திங்கட்கிழமைக்குள் எழுத்துமூலம் விளக்கம் தரவும். தவறினால் தங்கள் ஒப்பந்தம் ரத்து செய்யப்படும்." ஆக, நிரந்தரமும் போய், இருக்கிற வேலைக்கும் உலை. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்களே, இங்கே அந்தக் குரங்கு பிடித்தவரையே கடித்துவிட்டது.

வீட்டில் அவர் முகத்தைப் பார்த்ததும் மனைவிக்குத் தெரிந்துவிட்டது. மகளை விளையாட அனுப்பிவிட்டு எதிரே உட்கார்ந்தாள். அவர் நடந்ததைச் சொன்னார். தேரியத்துவின் பெயரை அழித்தது வரைக்கும் சொன்னார்.

"ஐயோ பாவம்!" என்றாள் அவள்.

"ஆமா, நான் என்ன செய்யறது..."

"உங்களைச் சொல்லலை. அவரைச் சொன்னேன். அவருக்கும் குடும்பம் குட்டின்னு இருக்காதா? அவர் வயித்துல அடிக்கலாமா?"

"அவருக்கு வயிறே இல்லை!" என்று கத்திவிட்டார் லேபிள்காரர். "அப்படி ஒரு ஆளே கிடையாது. யாரைக் கேட்டாலும் 'எனக்குத் தெரியாது'ன்னாங்க, அதையே பேராப் போட்டேன். எல்லாரும் மெச்சின அந்த ஒரு வரிப் பதிலெல்லாம் நான் எழுதினது. ராஜினாமாவும் நான்தான் எழுதினேன்."

மனைவி அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"அந்த ஒரு வரிப் பதிலெல்லாமா?"

"ஆமா."

"நீங்களா?"

"நான்தான்."

"அவ்வளவு நல்லா எழுதத் தெரிஞ்சும் ஏங்க நீங்களாவே இருந்தீங்க?"

அதற்குள் போன் அடித்தது. மாமனார். அவள் எடுத்து, "அப்புறம் பேசறேன்ப்பா, இவர் ஒரு பெரிய மனுஷரை வேலையை விட்டு அனுப்பற வேலையில இருக்கார்" என்று சொல்லி வைத்தாள். பிறகு அவர் பக்கம் திரும்பினாள்.

"இனிமே மெயில் கியில்னு எதையும் எழுதாதீங்க. எழுதி எழுதித்தான் இவ்வளவும் வந்துச்சு. நேரா டைரக்டர் ரூமுக்குப் போங்க. இருக்கறதை இருக்கறபடி சொல்லுங்க. வேலை போனா போகுது. திருட்டுப் பட்டம் கட்டிக்கிட்டு வீட்டுக்கு வராதீங்க."

திங்கட்கிழமை லேபிள்காரர் மூன்றாவது மாடிக்கு ஏறினார். லிஃப்ட் இருந்தது. யாராவது முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள் என்று படிக்கட்டில் ஏறினார். சட்டைக் காலர் கழுத்தை அறுத்தது. சொல்ல வேண்டியதை ஒவ்வொரு படியிலும் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் 'மன்னிக்கவும்' என்றுதான் தொடங்கியது.

டைரக்டர் அறைக்கு வெளியே அவருடைய செயலாளர் அம்மா உட்கார்ந்திருந்தார். மேசை நிறைய கோப்புகள், இரண்டு கம்ப்யூட்டர்கள், தூக்கமில்லாத கண்கள். காலடிச் சத்தம் கேட்டதும் பரபரப்பாக எழுந்தார்.

"வாங்க வாங்க! நீங்கதானே மிஸ்டர் தேரியத்..."

"இல்லைங்க. நான் லேபிள்."

செயலாளர் அம்மாவின் முகம் சட்டென்று விழுந்தது. "ஓ. நீங்களா? விளக்கம் கொடுக்க வந்தீங்களா? மெயில்லயே அனுப்பியிருக்கலாமே."

"டைரக்டர் சாரை நேர்ல பார்க்கணும்."

"சார் மீட்டிங்ல இருக்கார்."

"முடியட்டும். காத்திருக்கேன்."

"அது முடியாது. முடிஞ்சதும் வெளியூர் போறார்."

"வாசல்ல வெச்சுப் பார்த்துக்கறேன்."

"அப்படியெல்லாம் யாரும் பார்க்க முடியாதுங்க. எது சொல்லணும்னாலும் எழுதிக் கொடுங்க, பதில் வரும்."

வேறொரு நாளாக இருந்தால் லேபிள்காரர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு இறங்கியிருப்பார். அன்று என்ன வந்ததோ, தேரியத்துவின் குரலில் பேசினார்.

"எழுதினது போதும். தேரியத்துன்னு யாரும் இல்லை. அது ஆள் பேரே இல்லை, எனக்குத் தெரியாதுன்னு நான் லேபிள்ல எழுதினது. அவர் இன்னிக்கு வரமாட்டார், என்னிக்கும் வரமாட்டார். அவர் உழைப்பை நான் திருடலை, அதெல்லாம் என் உழைப்புதான். இதை நான் டைரக்டர் முகத்தைப் பார்த்துச் சொல்லணும். வழி விடுங்க."

"வரமாட்டாரா?" என்றார் செயலாளர் அம்மா. "நிஜமாவே அப்படி ஒருத்தர் இல்லையா?"

"இல்லை. தள்ளுங்கம்மா, நான் உள்ளே போகணும்."

அவர் கதவின் கைப்பிடியில் கை வைத்தார். செயலாளர் அம்மா மேசையைச் சுற்றி ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கண்களில் நீர் திரண்டிருந்தது.

"உள்ளே போய் யார்கிட்ட சொல்வீங்க சார்? டைரக்டர் போன வருஷமே வேலையை விட்டுப் போயிட்டாரு, மேலிடத்துக்கு எழுதி எழுதிப் பார்த்தும் ஆளைப் போடலை, அவர் பேர்ல அத்தனை மெயிலையும் நான்தான் எழுதிக்கிட்டிருக்கேன்... தேரியத்து வந்தா இந்தப் பொறுப்பை அவர் தலையில கட்டிட்டு ஓடிடலாம்னு இருந்தேனே!"